அம்மாவோட பட்டன் போனுக்கு எந்த லாக் போடுறது, சிம்முக்கா போனுக்கா?

மல்லிப்பந்தல்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்குறேன், அம்மா ஊர்ல அறந்தாங்கி பக்கத்துல தனியா இருக்காங்க, வயசு 63. அவங்ககிட்ட இருக்குறது சின்ன நோக்கியா பட்டன் போன்தான். டச் போன் வாங்கித் தரேன்னு எத்தனையோ தடவ சொல்லியாச்சு, வேணாம் எனக்கு இது போதும்னுட்டாங்க. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபா ஏறுற மெசேஜ், நூறு நாள் வேலை சம்பளம், கேஸ் புக்கிங், ரேஷன் எல்லாம் இந்த ஒரு நம்பர்லதான் வருது.

போன வாரம் சந்தைக்குப் போய்ட்டு வரும்போது மினி பஸ்லயே சுருக்குப்பையோட விட்டுட்டாங்க. அம்மா பக்கத்து வீட்டு போன்ல இருந்து எனக்குக் கூப்பிட்டு அழுறாங்க, நான் அம்மா நம்பருக்கு அடிச்சா ரிங் போகுது எடுக்கல. மறுநாள் காலைல ஒரு காலேஜ் பையன் அதே போன்ல இருந்து எனக்கு கால் பண்ணான், அக்கா இது சீட்டுக்கு அடில கிடந்துச்சு, கடைசியா வந்த கால் உங்க நம்பர்தான் அதான் கூப்புட்டேன்னு சொல்லி அன்னைக்கே வீட்டுக்கே கொண்டு போய் குடுத்துட்டான். அந்தப் பையன் நல்லா இருக்கணும்.

ஆனா ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போய் அந்த போன எடுத்துப் பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. இன்பாக்ஸ்ல நூத்துக்கு மேல மெசேஜ், பேங்க் பேலன்ஸ், ஓடிபி எல்லாம் அப்படியே கிடக்கு. அத விட மோசம், காண்டாக்ட்ல ஏடிஎம்னு பேர் போட்டு நாலு நம்பர் சேவ் பண்ணி வச்சிருக்கு, கேட்டா தம்பிதான் அம்மா மறந்துருவாங்கன்னு போட்டுக் குடுத்தானாம். அதே சுருக்குப்பைலதான் ஏடிஎம் கார்டும் இருந்துச்சு. வேற யார் கையிலயாச்சும் மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இன்னும் தூக்கம் வரல.

சரி லாக் போடலாம்னு செட்டிங்ஸ்ல போனா செக்யூரிட்டி கோடு கேக்குது. நாங்க யாரும் எதுவும் வைக்கல. 1234 போட்டேன், 0000 போட்டேன், ரெண்டும் தப்புன்னு வந்துச்சு, அதுக்கு மேல அடிச்சா ஒரேயடியா லாக் ஆயிருமோன்னு பயந்து வச்சுட்டேன். இன்னொரு எடத்துல பின் கோடுன்னு தனியா ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒண்ணா வேற வேறயா? அம்மா நம்பர மறந்துட்டா என்ன பண்றது? லாக் இருந்திருந்தா அந்தப் பையன் எனக்குக் கூப்பிட்டிருக்கவே முடியாதேன்னும் தோணுது. தம்பி என்னடான்னா பேங்க்ல அம்மா நம்பருக்குப் பதிலா அவன் நம்பர குடுத்துருவோம் பிரச்சனையே இல்லைங்கறான். அம்மாவுக்கு அதுல இஷ்டம் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேலமாசி_செல்கடை:

தங்கச்சி, மதுரைல செல் சர்வீஸ் கடை வச்சு 17 வருசம் ஆகுது. இந்தக் கேள்விய வாரத்துக்கு ஒருத்தராவது கடைக்கு எடுத்துட்டு வர்றாங்க, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மொதல்ல உங்க பயத்தப் போக்கிடறேன். நோக்கியா பட்டன் போன்ல கம்பெனிலயே போட்டு அனுப்புற செக்யூரிட்டி கோடு 12345, அஞ்சு நம்பர். அதனாலதான் நாலு நம்பர் அடிச்சப்ப தப்புன்னு வந்துருக்கு. பழைய மாடல்கள்ல தொடர்ந்து அஞ்சு தடவ தப்பா அடிச்சா அஞ்சு நிமிசத்துக்கு எது அடிச்சாலும் வாங்காது, அப்புறம் திரும்ப கேக்கும். நீங்க ரெண்டு தடவதான் அடிச்சிருக்கீங்க, ஒண்ணும் ஆகல. வேற கம்பெனி பட்டன் போனுக்கு 1234, 0000ன்னு வேற வேறயா இருக்கும், கூட வர்ற சின்ன புக்குல போட்டிருப்பான்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். பட்டன் போன்ல மூணு பூட்டு இருக்கு, ஜனங்க மூணையும் ஒண்ணுன்னு நெனச்சுக்குறாங்க. கீபேட் லாக்ங்கறது பையில கிடக்கும்போது பட்டன் தானா அமுங்காம இருக்கறதுக்கு, நடு பட்டன அமுக்கி ஸ்டார அமுக்குனா யார் வேணா திறக்கலாம், அது பாதுகாப்பே கிடையாது. செக்யூரிட்டி கோடுங்கறது போனுக்குள்ள இருக்கறது. பின் கோடுங்கறது சிம்முக்குள்ளயே இருக்கறது. சிம்ம கழட்டி எந்த போன்ல போட்டாலும், டச் போனே ஆனாலும், பின் கேக்காம அந்த சிம் வேலை செய்யாது.

இத ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, போனோட கோட என்னைய மாதிரி கடைக்காரன் சாஃப்ட்வேர் அடிச்சு எடுத்துருவான், பத்து நிமிச வேலை. எங்கிட்ட வர்றவங்ககிட்ட நான் பில் கேப்பேன், இல்லைனா தொட மாட்டேன், எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. ஆனா சிம் பின்ன எந்த கடைலயும் எடுக்க முடியாது. மூணு தடவ தப்பா போட்டா சிம் தானா பூட்டிக்கும், அப்புறம் எட்டு நம்பர் உள்ள பக் கோடு கேக்கும், அதையும் பத்து தடவ தப்பா போட்டா அந்த சிம் செத்துச்சு, தூக்கிப் போட்டுட்டு அதே நம்பருக்கு வேற சிம்தான் வாங்கணும். திருடன் கையிலயும் அதேதான் நடக்கும். உங்க அம்மா போன் விலை ரெண்டாயிரம் கூட இருக்காது, அந்த சிம்லதான் அவங்க பேங்கு, ரேஷன் எல்லாமே இருக்கு, அதனால பூட்ட சிம்முக்குப் போடுங்க.

செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள பின் கோடு ரிக்வெஸ்ட்னு இருக்கும், ஆன் பண்ணும்போது இப்ப இருக்குற பின் கேக்கும். பெரும்பாலும் 0000 இல்ல 1234 தான், ஆனா தயவு செஞ்சு குத்துமதிப்பா அடிக்காதீங்க, இங்க மூணே சான்ஸ். சிம் ஒடச்சு எடுத்த பெரிய அட்டை இருந்தா அதுல சிலதுல அச்சடிச்சிருப்பான், இல்லைனா கஸ்டமர் கேருக்குப் போட்டு பின்னும் பக் கோடும் கேட்டு வாங்கி எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் கைய வைங்க. பின் ஆன் ஆனதுக்கப்புறம் நம்பர மாத்த மெனுவுல தேட வேண்டாம், டயல் பண்ற எடத்துலயே **04* பழைய பின் * புது பின் * புது பின் திரும்ப ஒருதடவ # அடிச்சா மாறிடும்.

அந்தக் காலேஜ் பையன் விசயம் நல்ல கேள்வி. ஒரு சின்ன பேப்பர்ல உங்க நம்பர எழுதி, செல்லோடேப் ஒட்டி, பேட்டரிக்கு மேல பின்பக்க கவருக்குள்ள வச்சிருங்க. நல்லவன் கையில கெடச்சா கவர கழட்டிப் பாப்பான். அம்மா நம்பர எழுதிராதீங்க, அது அந்த போன்லயேதான் அடிக்கும், நெறைய பேர் அத எழுதி வச்சிருக்காங்க.

வைகைக்கரை:

கடைக்கார அண்ணன் சொன்னது எல்லாம் சரிதான், ஆனா சிம் பின் வயசானவங்களுக்கு வைக்கறதுக்கு முன்னாடி ஒருதடவைக்கு ரெண்டுதடவ யோசிங்க அக்கா. எங்க அப்பாவுக்கு நான்தான் வச்சுக் குடுத்தேன். ஒரு நாள் சாயங்காலம் போன் கீழ விழுந்து பேட்டரி தனியா வந்துருச்சு, எடுத்துப் போட்டு ஆன் பண்ணாரு, பின் கேட்டுச்சு, அவருக்கு ஞாபகம் வரல. பின் போடலைனா சிம் டவரே எடுக்காது, யார் கூப்பிட்டாலும் ஸ்விட்ச் ஆஃப்னுதான் வரும். ராத்திரி முழுக்க நாங்க மூணு பேரும் மாத்தி மாத்தி அடிக்கிறோம், ஸ்விட்ச் ஆஃப், ஸ்விட்ச் ஆஃப். அவருக்கு சுகர் வேற. காலைல அஞ்சு மணிக்கு நான் பைக்க எடுத்துட்டு நாப்பது கிலோமீட்டர் போய்ப் பாத்தா அவர் திண்ணைல உக்காந்து அந்த போனயே பாத்துட்டு இருக்காரு, மூணு தடவயும் அடிச்சு பக் கோடு கேட்டுட்டு நிக்கிது. அந்த ராத்திரிய நான் மறக்க மாட்டேன்.

மறதி இருக்குறவங்கன்னா சிம் பின் வேண்டாம்ங்கறதுதான் என் கருத்து. உங்க அம்மா கடைக்கணக்கு பஸ் நம்பர் எல்லாம் கரெக்டா ஞாபகம் வச்சிருக்கவங்கன்னா வைங்க, வச்சாலும் பக்கத்து வீட்ல நம்பிக்கையான ஒருத்தர் நம்பர் உங்ககிட்ட இருக்கணும். இன்னொண்ணு, பின் போடாம இருந்தாலும் 112க்கு கால் போகும், அத அம்மாவுக்குச் சொல்லி வைங்க.

மல்லிப்பந்தல்:

அண்ணா ரொம்ப நன்றி, 12345 போட்டதும் தெறந்துருச்சுன்னு தம்பி இப்ப ஊர்ல இருந்து சொன்னான். வைகைக்கரை, நீங்க சொன்னதப் படிச்சுட்டு மனசு கனமாயிருச்சு, அப்பா இப்ப நல்லா இருக்காங்கல்ல? எங்க அம்மாவுக்கு மறதி இல்ல, எழுத்து படிக்கத்தான் தடுமாறுவாங்க, நம்பர் எல்லாம் அத்துப்படி, பத்து வருசத்துக்கு முன்னாடி சீட்டு கட்டுன கணக்கு கூட வாயிலயே சொல்லுவாங்க. அப்ப சிம் பின் மட்டும் போட்டா போதுமா, போனுக்கும் போடணுமா?

மேலமாசி_செல்கடை:

ரெண்டும் போடுங்க. போன் ஆன்ல இருக்கும்போது தொலஞ்சா சிம் பின் கேக்காதுல்ல, ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான கேக்கும். அதுவரைக்கும் எடுத்தவன் வர்ற ஓடிபிய ஒக்காந்து படிக்கலாம். சிம்ம வேற போனுக்கு மாத்தணும்னா பேட்டரிய கழட்டித்தான் ஆகணும், அங்க மாட்டிக்குவான். ஆனா கழட்டாமலே வச்சிருந்தான்னா? அதுக்குத்தான் கீபேட் திறக்கும்போதே செக்யூரிட்டி கோடு கேக்குற மாதிரி வைக்கறது, சில நோக்கியா மாடல்ல செக்யூரிட்டி கீகார்டுன்னு இருக்கும். 12345ஐ மொதல்ல மாத்துங்க, அது ஊருக்கே தெரிஞ்ச சாவி.

நம்பர் வைக்கும்போது பொறந்த வருசம், வண்டி நம்பர், 1111 இதெல்லாம் வேண்டாம். 2580ம் வேண்டாம், நடுவுல மேல இருந்து கீழ நேரா வர்ற பட்டன்கள், கடைக்கு வர்ற போன்ல பாதிக்கு அதான் இருக்கு.

ஊரோரம்_பேங்க்மித்ரா:

நான் பேங்க் மித்ராவா கிராமத்துல வேலை பாக்குறேன், கைரேகை வச்சு பணம் எடுத்துக் குடுக்குறது, அக்கவுண்ட் தொறக்குறது எல்லாம் பண்றேன். மேல யாரும் சொல்லாத ஒண்ணு இருக்கு, அதான் எழுதுறேன்.

போனும் ஏடிஎம் கார்டும் ஒரே பையில இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல, அதுதான் எல்லாத்தையும் விட பெரிய ஆபத்து. பட்டன் போன்தானே, நெட்டே இல்ல, இதுல இருந்து பணம் எப்படி போகும்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க. *99# அடிச்சா நெட் இல்லாமலே யுபிஐ வேலை செய்யும், எந்த சாதா போன்லயும். 2022 மார்ச்ல இருந்து 123பே வேற வந்துருச்சு, அதுவும் பட்டன் போனுக்குன்னே கொண்டு வந்ததுதான். நல்ல வசதிதான், நான் குறை சொல்லல. ஆனா *99#ல புதுசா யுபிஐ பின் போடறதுக்கு பேங்க்ல குடுத்த சிம்மும், ஏடிஎம் கார்டோட கடைசி ஆறு நம்பரும், கார்டு முடியுற மாசம் வருசமும் இருந்தா போதும். சிம்முக்கு பூட்டு இல்லாம கார்டும் கூடவே கெடச்சா என்ன ஆகும்னு பாத்துக்கோங்க. கார்ட வீட்ல அரிசிப் பானைக்குள்ள வைங்க, எங்கயோ வைங்க, போனோட சேத்து வைக்காதீங்க. அந்த ஏடிஎம்னு சேவ் பண்ண காண்டாக்ட இன்னைக்கே அழிக்கச் சொல்லுங்க, அழிச்சா மட்டும் போதாது, அந்த ஏடிஎம் பின்னையும் மாத்திருங்க, ஒரு ராத்திரி வெளிய போய்ட்டு வந்த நம்பர் அது. காண்டாக்ட்ல யாரு பின் தேடப் போறான்னு நெனைக்காதீங்க, எங்கிட்ட வர்ற பாட்டிங்க போன்ல பாதிக்கு மேல பேரன் இப்படித்தான் பின்னுன்னு சேவ் பண்ணிக் குடுத்துருக்கான்.

தம்பி நம்பர பேங்க்ல குடுக்குறது பத்தி. உங்க தம்பி நல்ல பையனா இருப்பாரு, நான் அவரச் சொல்லல. ஆனா அம்மா அக்கவுண்ட்ல பணம் ஏறுனா சத்தம் அம்மா கையில இருக்குற போன்லதான் கேக்கணும். நான் தினம் பாக்குறேன், ஆயிரம் ரூபா ஏறிருச்சான்னு தெரிஞ்சுக்க மகனுக்கு போன் போட்டு கெஞ்சுற அம்மாங்கள. ஒருதடவ நம்பர மாத்துனா அப்புறம் ஒவ்வொரு ஓடிபிக்கும் அவங்க யாரையாவது கேக்கணும். 2023 செப்டம்பர் 15ல இந்த உரிமைத் தொகை ஆரம்பிச்சப்ப எங்க ஊர்ல ஒரு அக்கா மெசேஜ் வந்த போன எடுத்துட்டு தெரு முழுக்க காட்டிட்டு வந்தாங்க, தன் பேருக்கு மொத மொதல்ல வந்த பணம்னு. அம்மா இஷ்டம் இல்லைங்கறாங்கன்னா அத விட்டுருங்க, பூட்டு போட்டு அவங்க போன அவங்ககிட்டயே குடுங்க.

இந்த பின்னு கோடு எதுவும் காப்பாத்தாத ஒரு எடமும் இருக்கு. கம்பெனில இருந்து பேசுறோம், ஸ்டார் 401 ஸ்டார் போட்டு நாங்க சொல்ற நம்பர அடிங்கன்னு கால் வரும். அடிச்சா அம்மாவுக்கு வர்ற கால் எல்லாம் அவனுக்குத் திரும்பிரும். இப்படி நடக்குதுன்னுதான் 2024 ஏப்ரல் 15ல இருந்து ஸ்டார் ஹேஷ் போட்டு கால் ஃபார்வர்ட் பண்ற வசதிய நிறுத்தச் சொல்லி டெலிகாம் துறை உத்தரவு போட்டுச்சு. இருந்தாலும் சொல்லி வைங்க, வேற யாராச்சும் சொல்ற எந்த நம்பரையும் ஸ்டார் போட்டு அடிக்கக் கூடாதுன்னு. பணம் போயிருச்சுன்னு தெரிஞ்சா ஒரு நிமிசம் கூட யோசிக்காம 1930க்கு அடிக்கணும்.

பழைய_லைன்மேன்:

நான் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா பேக்டரில வேலை பாத்தவன், 2014ல மூடுற வரைக்கும். லைன்ல போன் போகும்போது ஒவ்வொண்ணுக்கும் பேட்டரிக்கு அடில ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம், அதுல இருக்குற 15 இலக்க நம்பர்தான் ஐஎம்ஈஐ, அந்த போனோட அடையாள நம்பர். *#06# அடிச்சாலும் ஸ்கிரீன்ல வரும். அத ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கோங்க, ரெண்டு சிம் போன்னா ரெண்டு நம்பர் வரும், ரெண்டையும் எழுதணும்.

திரும்ப தொலஞ்சா மொத வேலை, அதே கம்பெனி சிம் வச்சிருக்குற யார் போன்ல இருந்தாவது 198 அடிச்சு சிம்ம நிறுத்தணும். நீங்க போன வாரம் ரிங் போகுதுன்னு அடிச்சுட்டே இருந்தீங்கல்ல, அந்த நேரத்துல இத செஞ்சிருக்கணும், குறையா சொல்லல, யாருக்கும் அந்தப் பதட்டத்துல தோணாது. அப்புறம் போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுத்து அந்தக் காப்பிய வச்சு டெலிகாம் துறையோட சஞ்சார் சாத்தி வெப்சைட்ல ஐஎம்ஈஐ போட்டா அந்த போன் நாட்டுல எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாது. 2023 மே மாசத்துல இருந்து எல்லா மாநிலத்துக்கும் வந்துருச்சு. அதே நம்பருக்கு புது சிம் வாங்குனா மொத ஒரு நாளைக்கு மெசேஜ் வராது, வேணும்னேதான் அப்படி நிறுத்தி வச்சிருக்காங்க, ஏமாத்தி சிம் மாத்துறவன் கையில ஓடிபி போயிரக் கூடாதுன்னு. அது தெரியாம சிம் ரிப்பேர்னு கடைக்கு ஓடாதீங்க. வெப்சைட்டுக்கும் ஓடிபி வேணும், அதனால ஒரு நாள் பொறுத்துதான் அங்க பதியணும்.

வைகைக்கரை:

அப்பா நல்லா இருக்காரு அக்கா, கேட்டதுக்கு நன்றி. அவருக்கு இப்ப சிம் பின் எடுத்துட்டு போன் கோடு மட்டும் வச்சிருக்கேன், பேங்க்ல ரெண்டாயிரத்துக்கு மேல அந்த அக்கவுண்ட்ல வைக்கறதில்ல.

மல்லிப்பந்தல்:

இந்த வாரம் லீவு போட்டு ஊருக்கு வந்துட்டேன், அங்க இருந்துதான் எழுதுறேன்.

கஸ்டமர் கேர்ல ஆதார் விவரம் எல்லாம் கேட்டு பின்னும் பக் கோடும் குடுத்தாங்க. நோட்டுல எழுதி, ஐஎம்ஈஐயும் கூட எழுதி, ஒரு காப்பி என்கிட்ட, ஒண்ணு பீரோல ரேஷன் கார்டு கவர்ல. ஏடிஎம் காண்டாக்ட தம்பியவே அழிக்க வச்சேன், ஏடிஎம் பின்ன மெஷின்ல போய் மாத்தியாச்சு. அவன் நம்பர் மாத்துற பேச்ச இப்ப எடுக்கல.

சிம் பின் என்ன வைக்கறதுன்னு அம்மாகிட்டயே விட்டுட்டேன். நான் சொல்றேம்மான்னதுக்கு நீ அந்தப் பக்கம் திரும்புன்னுட்டாங்க. போன மடில வச்சுக்கிட்டு, அஞ்சாம் நம்பர் பட்டன்ல ஒரு சின்ன மேடு இருக்கும்ல, அதக் கட்டவிரலால தடவி எடம் பிடிச்சுக்கிட்டு அங்க இருந்து மேல கீழ எண்ணி எண்ணி அடிக்கிறாங்க. வெத்தலைச் சுண்ணாம்பு பட்டு மூணு பட்டன்ல எழுத்தே போயிருச்சு, அவங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. மொத தடவ தப்பாயிருச்சு, எனக்குத்தான் நெஞ்சு அடிச்சுக்கிச்சு. ரெண்டாவது தடவ சரியா போட்டு டவர் வந்துருச்சு. அப்புறம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணி பத்து தடவ போட வச்சேன், கடைசி நாலஞ்சு தடவ போனப் பாக்காமலே போட்டாங்க. சாப்டுட்டு தூங்குறதுக்கு முன்னாடி எதுக்கும் ஒருதடவன்னு அவங்களாவே ஆஃப் பண்ணி ஆன் பண்ணி போட்டுப் பாத்தாங்க.

என்ன நம்பர்னு எனக்கும் தெரியாது, நான் கேக்கல. பக் கோடு என்கிட்ட இருக்கு, மறந்தா அத வச்சு தெறந்துக்கலாம். பக்கத்து வீட்டு சித்தி நம்பரும் வாங்கியாச்சு.

பின்பக்க கவருக்குள்ள என் நம்பர எழுதி வச்சுட்டேன். அத எழுதும்போது அம்மா கேட்டாங்க, அந்தக் காலேஜ் பையன் நம்பர வாங்கி வச்சியான்னு. வாங்கல. மினி பஸ் கண்டக்டர்கிட்ட நாளைக்கு கேக்கணும், ஒருநாள் சாப்பிட வரச் சொல்லணும்னு சொல்லிட்டே இருக்காங்க.